தானாகச் சுத்தமாகும் லிட்டர் பாக்ஸ்: குட்டிப் பூனைக்கு ஆகுமா?

விளம்பரத்தில் பூனை உள்ளே போகிறது, வெளியே வருகிறது, டிரம் சுழல்கிறது, வீட்டுக்காரர் சோபாவில் சிரிக்கிறார். அந்தப் பூனை எப்போதும் கொழுத்த, நிதானமான, நடுவயதுப் பூனை. எங்கள் ஃப்ளாட்டில் இருப்பவை நாலு மாதம்கூட ஆகாத இரண்டு நாட்டுக் குட்டிகள். மணலைத் தோண்ட ஆரம்பித்தால் எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிடுபவை. அவற்றை வைத்துத்தான் இந்தத் தானியங்கிப் பெட்டியைப் பரிசோதித்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகைப் பெட்டிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன.

படுக்கவைத்த குடம் போன்ற டிரம், அடியில் எடை சென்சார். பூனை இறங்கிச் சில நிமிடம் கழித்து டிரம் மெதுவாகப் புரளும். நல்ல மணல் சல்லடை வழியாக இறங்கிவிடும். கட்டிகள் கீழே பை மாட்டிய அறையில் விழும். சத்தம் மிக்சியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுழலும்போது வாயருகே கையை நீட்டினேன், உடனே நின்றது. மெயின் சுவிட்சை அணைத்தேன், டிரம் பாதிப் புரளலில் வாயை மூடிக்கொண்டு நின்றது. கரண்ட் வந்ததும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் நடுவில் அவசரத்தோடு வரும் குட்டி எங்கே போகும்? குளியலறை மிதியடிக்குத்தான்.

இயந்திரமாக இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. சிக்கல் குட்டிகளின் வயதில் இருக்கிறது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குட்டி இருந்தால் தானியங்கி முறையை அணைத்துவைக்கச் சொல்கிறது கையேடு, அந்த எடையைச் சென்சார் நம்பகமாகக் கண்டுகொள்ளாது என்பதால். அணைத்துவிட்டால் மிஞ்சுவது வாஷிங் மெஷின் விலையில் ஒரு மணல் தட்டு. அடுத்தது, ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் (பெரும்பாலும் பென்டோனைட்) இல்லாமல் இந்தச் சல்லடை வேலை செய்யாது. குட்டிகளோ எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். வயிற்றுக்குள் போன பென்டோனைட் அங்கேயும் ஊதும். அதனால்தான் நாலு மாதம் வரை கட்டியாகாத மணலே போதும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பூனை மணலை 1947இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய எட்வர்ட் லோ கொடுத்ததும் கட்டியாகாத களிமண்தான்.

சரி, மணல் இறைவது நின்றதா? இல்லை. டிரம்மின் வாய் அகலம். குட்டி பின்னங்காலால் உதைத்தால் மணல் நேரே ஹாலுக்குத்தான் வருகிறது. விரல் இடுக்கில் ஒட்டியது வேறு கட்டில் வரை பயணம் செய்கிறது. அதை ஈர மாப்பால் துடைத்துவிடாதீர்கள். டைல்ஸ் மேல் சாம்பல் நிறப் பசையாகிவிடும். முதலில் துடைப்பம், பிறகுதான் தண்ணீர். டாய்லெட்டில் கொட்டுவதும் கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும்.

இதைவிட மோசம் வயிற்றுப்போக்கு. புது உணவு, குடற்புழு என்று குட்டிகளுக்கு இது சகஜம். இளகிய மலம் கட்டியாகாது. டிரம் அதை உள்சுவர் முழுக்கப் பூசிவிட்டு வேலை முடிந்ததாக அதன் செல்போன் ஆப்பில் அறிவிக்கிறது. சல்லடைத் துளைகளைப் பழைய டூத் பிரஷால் தேய்க்கும்போது விளம்பரத்தில் சிரித்தவர் நினைவுக்கு வந்தார்.

ஆப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். எத்தனை முறை போனது, எடை எவ்வளவு என்று குறித்துவைக்கிறது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்தால் அடிக்கடி பெட்டிக்குப் போகும், எதுவும் வராது. அது உயிருக்கே ஆபத்து, அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். எண்ணிக்கை திடீரென ஏறுவது நமக்கு ஆப்பில் தெரிந்துவிடும். என்ன, ஒரே வீட்டில் ஒரே எடையில் இரண்டு பூனைகள் இருந்தால் யார் போனது என்று அதற்குக் குழம்புகிறது.

ஒப்பிட, பாத்திரக் கடையில் ஆழமான பிளாஸ்டிக் டப் வாங்கி, ஒரு பக்கம் மட்டும் குட்டி ஏறும் அளவுக்கு வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வைத்தேன். மூன்று பக்கமும் உயரமான சுவர். மணல் இரண்டு மூன்று அங்குலம் போதும், அதற்கு மேல் போட்டால் தோண்டுவதற்கான அழைப்புதான். வாசலில் தேன்கூட்டுத் துளை போட்ட இரட்டை மேட். உதறிய மணலில் பெரும்பகுதி அதிலேயே தங்கிவிட்டது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வைப்பது நல்லது என்பார்கள். டப் விலையில் அது முடியும், டிரம் விலையில் முடியாது. காலையும் மாலையும் கரண்டியால் அள்ளுவது மட்டும் நம் வேலை.

குட்டி வைத்திருப்பவர்கள் இப்போது டப்பும் மேட்டும் வாங்குங்கள். வளர்ந்து இரண்டு கிலோ தாண்டி, நீங்களும் பகல் முழுக்க ஆபீஸில் இருப்பவர் என்றால், அப்போது டிரம்மைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் பழைய டப்பைத் தூக்கிப் போடாதீர்கள், கரண்ட் போகும்.