டாப் கியரின் புதிய முகங்களும் பார்வையாளரின் தராசும்

2016 மே 29 அன்று பிபிசி 2 அலைவரிசையில் 'டாப் கியர்' கார் நிகழ்ச்சி புதிய தொகுப்பாளர்களோடு திரும்பி வந்தபோது, ஒளிபரப்பான நேரத்திலேயே அதைப் பார்த்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர். ஜூலை 3 அன்று தொடரின் ஆறாவதும் கடைசியுமான பகுதிக்கு எஞ்சியவர்கள் 19 லட்சம் பேர். மறுநாள் முதன்மைத் தொகுப்பாளர் கிறிஸ் எவன்ஸ் விலகினார். பார்வையாளரின் தீர்ப்பு இவ்வளவு விரைவாக, இவ்வளவு வெளிப்படையாக நிறைவேறுவது தொலைக்காட்சியில் அபூர்வம். அந்தத் தீர்ப்பு சரியானதுதானா? ஆளைப் பற்றிப் பார்வையாளர் சொன்னது பெரும்பாலும் சரி, நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் தவறு என்பதே என் கருத்து. திரையில் தெரியும் போலித்தனத்தை அவர்கள் உடனே கண்டுகொள்கிறார்கள். ஆனால் நல்ல நிகழ்ச்சி ஒன்று உருவாக எடுத்துக்கொள்ளும் காலம், எழுத்து, படத்தொகுப்பு ஆகியவற்றை அவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2015-க்குப் பிறகு டாப் கியருக்கு வந்த ஒவ்வொருவரும் இந்தக் கூர்மைக்கும் இந்தப் பொறுமையின்மைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களே.

1977-இல் பர்மிங்காமின் பெபிள் மில் நிலையத்திலிருந்து ஒரு வட்டார நிகழ்ச்சியாகத்தான் டாப் கியர் தொடங்கியது. முதல் தொகுப்பாளர்கள் ஏஞ்சலா ரிப்பனும் டாம் காய்னும். அடுத்த ஆண்டே அது நாடு முழுவதற்குமான நிகழ்ச்சியானது. புதிய கார் எப்படி ஓடுகிறது, எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது, பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும் என்பவைதான் அன்றைய பேச்சு. நோயல் எட்மண்ட்ஸ், வில்லியம் வுல்லார்ட், டிஃப் நீடெல், க்வென்டின் வில்சன் என்று ஆட்கள் வந்தார்கள், போனார்கள். எவர் மாறியதற்காகவும் நாடு கொந்தளிக்கவில்லை. பார்வையாளர் காரைப் பார்க்க வந்தார்கள். அதைக் காட்டுபவர் தெளிவாகப் பேசினால் போதுமானதாக இருந்தது.

1988-இல் ஜெரமி கிளார்க்சன் வந்ததும் இது மெல்ல மாறியது. 1999-இல் அவர் விலகியபின் கூட்டம் குறைந்து, 2001-இல் நிகழ்ச்சியே நின்றது. அவரும் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் சேர்ந்து 2002 அக்டோபரில் அதற்கு வேறொரு உடல் கொடுத்தார்கள். சர்ரே மாவட்டத்து டன்ஸ்ஃபோல்ட் விமானத்தளம், நின்றுகொண்டே பார்க்கும் கூட்டம், முகம் காட்டாத ஓட்டுநர் ஸ்டிக், சாதாரண சுசுகி காரில் சுற்றிவரும் பிரபலங்கள் என எல்லாம் அப்போது வந்தவை. ஆனால் உண்மையான மாற்றம் இவற்றில் இல்லை. கிளார்க்சன், ரிச்சர்ட் ஹாமண்ட், ஜேம்ஸ் மே மூவரின் நட்பும் சீண்டலும்தான் நிகழ்ச்சியின் பொருள் என்றானது. கார் அவர்களை ஒன்றாக வெளியூருக்கு அனுப்பும் சாக்காகச் சுருங்கியது. உலகில் அதிகப் பகுதிகளில் பார்க்கப்படும் தகவல் நிகழ்ச்சி என்று கின்னஸ் பதிவு பெறும் அளவுக்கு அது வளர்ந்தது இந்த மாற்றத்தால்தான். பின்னால் வந்தவர்கள் எவராலும் எளிதில் நிரப்ப முடியாத இடம் உருவானதும் இதே மாற்றத்தால்தான்.

பார்வையாளரின் பலத்தை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் பத்திரிகைகள் அவர்களைப் பழைய மூவரின் ரசிகர் கூட்டம் என்று மட்டுமே ஒதுக்கிவிடுகின்றன. எவன்ஸ் கத்துகிறார் என்று முதல் வாரமே புகார் எழுந்தது. அது உண்மை. அரங்கில் அவர் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் உச்சக் குரலில் முடிந்தது. விருந்தினரோடு உரையாடும்போதும் அவர் காதில் எதுவும் விழுவதாகத் தோன்றவில்லை. அதே பகுதியில் மொராக்கோவில் ஏரியல் நோமாட் வண்டியை ஓட்டிக்காட்டிய இணைத் தொகுப்பாளர் மேட் லெபிளாங்கின் அலட்டாத பேச்சு பலருக்குப் பிடித்தது. ஆறு பகுதிகளில் சிலவற்றில் மட்டும் தலைகாட்டிய கிறிஸ் ஹாரிஸும் ரோரி ரீடும்தான் நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்தக்கூடியவர்கள் என்று பார்வையாளர் அடையாளம் கண்டார்கள். ஹாரிஸ் கார் பத்திரிகைகளில் எழுதி வளர்ந்தவர். வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கும் கணத்திலேயே, அது ஏன் வழுக்குகிறது என்று நிதானமாக விளக்கக்கூடியவர். ரீட் பொதுமக்களுக்கான தேர்வில் கலந்துகொண்டு உள்ளே வந்தவர். 2017-இல் லெபிளாங், ஹாரிஸ், ரீட் மூவரையும் முன்னிறுத்தித் தொடர் வந்தபோது பிபிசி அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுத்தது தெரிந்தது, நிகழ்ச்சியும் உடனே மேம்பட்டது. இவ்வளவு துல்லியமான யோசனையைக் கைநிறையச் சம்பளம் வாங்கும் ஆலோசகர் ஒருவரிடமிருந்துகூட எளிதில் பெற்றிருக்க முடியாது.

ஆனால் எவன்ஸ் ஏன் தோற்றார் என்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு. "கார் மேல் ஆசையில்லாத ஆளைக் கொண்டுவந்துவிட்டார்கள்" என்றார்கள் பலர். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் கோபர்ன் வைத்திருந்த 1961-ஆம் ஆண்டு ஃபெராரி ஒன்றைப் பல லட்சம் பவுண்டு கொடுத்து 2008-இல் ஏலத்தில் எடுத்தவர் அவர். கார்ப் பித்து அவருக்குக் குறைவாக இருந்ததில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. கிளார்க்சனின் நாக்குக்காக வடிவமைந்த நிகழ்ச்சியை, அதே அரங்கு, அதே நையாண்டி, அதே இடைநிறுத்தங்களோடு இன்னொரு மனிதர் கையில் கொடுத்தார்கள். இரவல் தாளத்தில் பேசியவருக்குத் தன் குரலின் அளவு தெரியாமல் போனதில் வியப்பில்லை. போலித்தனத்தைக் கேட்ட காது சரியாகக் கேட்டது. குற்றவாளியைக் காட்டிய விரல் மட்டும் தவறான பக்கம் நீண்டது.

எண்களையும் ஒருமுறை நிதானமாகப் பார்க்கவேண்டும். முதல் பகுதியைப் பதிவு செய்தும் இணையத்திலும் பின்னர் பார்த்தவர்களைச் சேர்த்தால் 60 லட்சத்தைத் தாண்டியது. 19 லட்சம் என்று தலைப்புச் செய்தியான அந்த ஜூலை 3 மாலையில்தான் யூரோ கால்பந்துக் காலிறுதியில் பிரான்சும் ஐஸ்லாந்தும் மோதின. சரிவு உண்மைதான், அதன் செங்குத்து உண்மையல்ல. எனினும் 19 லட்சம் என்ற எண்தான் தீர்ப்பின் சுருக்கமாக எல்லோர் நினைவிலும் நின்றது.

இதைவிடப் பெரிய அநீதி ஒப்பீட்டில் நடந்தது. புதியவரின் முதல் வாரத்தைப் பழையவரின் பத்தாவது ஆண்டோடு நிறுத்துப் பார்த்தார்கள். அந்தப் புகழ்பெற்ற மூவர்கூட முதல் நாளே மூவராக வரவில்லை. 2002-இன் முதல் தொடரில் மூன்றாவது ஆள் ஜேசன் டாவ். பழைய கார் விலை நிலவரம் சொல்லிவந்த அவர் ஒரே தொடரோடு போனார். மே வந்தது 2003-இல், இரண்டாவது தொடரில். அந்தத் தொடக்கப் பகுதிகளை இன்று பார்த்தால் தயக்கமும் தடுமாற்றமும் நிறைய. யார் எப்போது பேசவேண்டும், யார் விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதே அவர்களுக்குப் பிடிபட்டிருக்கவில்லை. வாய்ப்பாட்டுக்காரருக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் இடையில் ஏற்படும் புரிதல்போல, எத்தனையோ மேடைகளில் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு வரவேண்டிய ஒன்று அது. வட காந்தத் துருவத்துக்கு வண்டி ஓட்டிப் போனதும், போட்ஸ்வானாவில் ஓட்டை வண்டிகளோடு அலைந்ததும் 2007-இல், அதாவது சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. எவன்ஸுக்குக் கிடைத்ததோ ஆறு வாரம்.

ஆறு வாரம்கூடக் கிடைக்கவில்லை என்பதே சரி. 2015 மார்ச்சில் வடக்கு யார்க்ஷயர் விடுதி ஒன்றில் உணவு விஷயத்தில் எழுந்த தகராறில் கிளார்க்சன் தன் தயாரிப்பாளரை அடித்தார். பிபிசி அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதற்கு முன்பே அவரைத் திரும்ப அழைக்கச் சொல்லி 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அடி வாங்கிய ஊழியர்மீது வசைமழை பொழிந்தது. அவரை விட்டுவிடுங்கள் என்று கிளார்க்சனே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. ஒரு நிகழ்ச்சியை நேசிப்பதும், அதில் வேலை செய்பவர் அடிபட்டதைப் பொருட்படுத்தாமல் இருப்பதும் வேறு வேறு. அந்த மார்ச் மாதம் பலருக்கு இந்தக் கோடு அழிந்துபோனது. ஓராண்டு கழித்து எவன்ஸ் அரங்கில் ஏறியபோது அவருக்காகக் காத்திருந்ததில் ஒரு பங்கு, பிபிசிமீது தீராமல் கிடந்த இந்தக் கோபம்.

முன்முடிவு எவ்வளவு பிசகலாம் என்பதற்கு 2018 அக்டோபர் சான்று. லெபிளாங் விலகிச் செல்லும் நிலையில், ஹாரிஸோடு பேடி மெக்கின்னஸும் ஆண்ட்ரூ ஃப்ளின்டாஃபும் சேர்கிறார்கள் என்று பிபிசி அறிவித்தது. காதல் ஜோடி சேர்க்கும் நிகழ்ச்சியின் தொகுப்பாளருக்கும் கிரிக்கெட்காரருக்கும் காரில் என்ன வேலை என்று ஏளனம் எழுந்தது. ஃப்ளின்டாஃபை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 2009 ஐபிஎல் ஏலத்தில் 15.5 லட்சம் டாலருக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கிய அவர் மஞ்சள் சட்டையில் ஆடியது மூன்றே ஆட்டங்கள். சேப்பாக்க ரசிகருக்கு அவரிடம் மிஞ்சியது ஏமாற்றம்தான். 2019 ஜூனில் அதே ஆள் எத்தியோப்பியப் பாலைவனத்தில் தன் முதல் காரான போர்ஷே ரகத்தைச் சிரித்துக்கொண்டே ஓட்டியபோது, ஏளனம் செய்தவர்களில் கணிசமானோர் மனம் மாறினார்கள். மெக்கின்னஸ் போல்டன்காரர், ஃப்ளின்டாஃப் பிரெஸ்டன்காரர். இருவரின் லங்காஷயர் பேச்சும் ஹாரிஸின் வண்டி அறிவும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்தன. 2020-இல் நிகழ்ச்சி பிபிசி 1-க்கு உயர்ந்தது. 2021-இல் மூவரும் தங்கள் தந்தையர் வைத்திருந்த கார் மாதிரிகளில் பயணம் போன பகுதியை நான் தயங்காமல் பழைய மூவரின் நல்ல பகுதிகளுக்கு இணையாக வைப்பேன். கிளார்க்சனைப்போல இருக்க அதில் எவரும் முயலவில்லை.

பார்வையாளர் கடைசிவரை சரிசெய்யாத பிழை ஒன்று சபீன் ஷ்மிட்ஸ் விஷயத்தில் நடந்தது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் மிகக் குறைவு. கிளார்க்சன் ஜாகுவார் டீசல் காரில் தட்டுத்தடுமாறிப் பத்து நிமிடத்துக்குள் சுற்றி முடித்த அதே பாதையில், சரக்கு ஏற்றும் ஃபோர்டு டிரான்சிட் வேனை அவர் 10 நிமிடம் 8 நொடியில் சுற்றிவந்ததை அன்று எல்லோரும் கொண்டாடினார்கள். விருந்தினராக வந்தவரை ரசித்தவர்கள், 2016-இல் அவர் தொகுப்பாளர் வரிசையில் நின்றபோது அவருக்கு ஏன் இவ்வளவு குறைந்த நேரம் என்று கேட்கவில்லை. ஆறு பேரில் ஒரே பெண் அவர். ஹாரிஸுக்கும் ரீடுக்கும் கூடுதல் நேரம் கேட்ட குரல்களில் அவர் பெயரை அரிதாகவே கேட்க முடிந்தது. 2021 மார்ச்சில் புற்றுநோயில் அவர் இறந்தபின் பாராட்டுகள் குவிந்தன. ஒரு பெண்ணின் குரலில் தொடங்கிய நிகழ்ச்சி 2002-க்குப் பிறகு ஒரு பெண்ணைக்கூட நடுவில் நிறுத்தவில்லை என்பதற்கு பிபிசி முதல் பொறுப்பு, அதைக் குறையாகவே எண்ணாத பார்வையாளர் இரண்டாம் பொறுப்பு.

"பழையபடி இல்லை" என்ற ஓயாத புகாருக்கு ஆபத்தான பொருள் ஒன்றும் உண்டு. பழையபடி என்பதில் வேகமும் அடங்கும். 2006-இல் எல்விங்டன் ஓடுபாதையில் ஜெட் எந்திர வண்டி கவிழ்ந்து ஹாமண்ட் மூளைக்காயத்தோடு பிழைத்தார். அவர் திரும்பி வந்த 2007 ஜனவரிப் பகுதியைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 80 லட்சம் பேர். அதே எல்விங்டனில் 2019-இல் ஃப்ளின்டாஃப் ஓட்டிய மூன்று சக்கர வண்டி பாதையின் எல்லை தாண்டி ஓடியது. சுவிட்சர்லாந்தில் பழைய காருக்குள் அமர்ந்தபடி அணைமேலிருந்து கயிற்றில் குதித்ததும் அவர்தான். கார் தெரியாதவர் என்ற ஏளனத்துக்கு அவர் உடம்பால் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியதுண்டு. நாம் கைதட்டினோம். 2022 டிசம்பரில் டன்ஸ்ஃபோல்டில் திறந்த மூன்று சக்கர வண்டி ஒன்று கவிழ்ந்து அவர் முகம் சிதைந்தது. பிபிசி மன்னிப்புக் கேட்டது, இழப்பீடு கொடுத்தது. 2023 நவம்பரில் நிகழ்ச்சி காலவரையின்றி நிறுத்தப்பட்டது. யாருக்காவது பெரிய காயம் நேரும் என்று தான் முன்கூட்டியே எச்சரித்ததாக 2024-இல் ஹாரிஸ் வெளிப்படையாகச் சொன்னார். பாதுகாப்புக்கான பொறுப்பு முழுக்கத் தயாரித்தவர்களுடையதே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புதிய தொகுப்பாளரின் தகுதியை அவர் எடுக்கும் ஆபத்தின் அளவால் நிறுக்கும் பழக்கம் நம்முடையது.

ஃப்ளின்டாஃப் கிரிக்கெட்டுக்குத் திரும்பி இங்கிலாந்து லயன்ஸ் அணியின் பயிற்சியாளராகிவிட்டார். அடுத்த மூவர் யார் என்ற பட்டியல்களோ இப்போதே புழங்குகின்றன. எல்லாமே பெயர்ப் பட்டியல்கள். அந்த மூவரும் ஒளிபரப்புக்கு முன் எத்தனை மாதம் சேர்ந்து பயணிப்பார்கள், அவர்கள் வசனத்தை யார் எழுதுவார்கள், "இந்த வண்டியில் ஏற மாட்டேன்" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்குமா என்ற கேள்விகளை அந்தப் பட்டியல்களில் நான் பார்க்கவில்லை.