கறுப்பு வெள்ளைக் குதிரைவீரர் படங்கள்

திரைக்கலையை ஆராயப் புகுவார் பெரும்பொருட் செலவிற் பிறந்த படங்களையே எடுத்துக்கொள்வர். சிறுமுதல் கொண்டு சில நாட்களுள் எடுத்து முடிக்கப்பட்ட அமெரிக்கக் குதிரைவீரர் படங்களைப் பற்றிப் பேசின் முகஞ்சுளிப்பார் பலர். அப்படங்களின் கரடுமுரடே அவற்றின் அழகு என்பது எமது துணிபு.

1933ஆம் ஆண்டில் மொனோகிராம் நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்த 'ரைடர்ஸ் ஒவ் டெஸ்டினி' என்னும் படத்தை நோக்குவோம். ரொபர்ட் பிராட்பரி இயக்கிய அது ஒருமணி நேரமும் ஓடாது. ஊர்த் தண்ணீரைத் தன் கைப்படுத்திய செல்வன் ஒருவன் குடியானவரை நிலத்தினின்றும் விரட்ட முயல்கின்றான். தடுக்க வருபவர் ஜோன் வெயின். அக்காலத்தில் அவர் பெருநடிகர் அல்லர். படத்தில் அவர் பாடும் பாட்டும் பிறர் குரலே. இரவற் குரல் நம்மவர்க்கே உரிய குறையென நகைப்பார் இதனை அறிந்துகொள்வாராக.

கதை எளிது, உரையாடலோ அதனினும் எளிது. ஆனாற் குதிரை மெய்யாகவே ஓடுகின்றது. வீழ்பவன் மெய்யாகவே மண்ணில் வீழ்கின்றான். இவ்வகைப் படங்களிற் பிறர்க்காக வீழ்ந்தெழுந்த யக்கிமா கனூட் என்பாரே 1939இல் 'ஸ்டேஜ்கோச்' படத்தில் ஓடும் குதிரைகளினிடையே வீழ்ந்து வண்டியின் அடியிற் புகுந்து சென்றவர். 1959இல் வந்த 'பென்ஹர்' படத்தின் தேரோட்டக் காட்சியை உருவாக்கியதிலும் அவர்க்குப் பெரும் பங்குண்டு. செல்வப் படங்கள் கொண்டாடிய வித்தை ஏழைப் படங்களிற் பயின்றதே.

தமிழ் கற்றார்க்கு இக்கதைகள் முற்றும் அயலானவை அல்ல. நிரை கவர்தலும், கவர்ந்த நிரையை மீட்டலும், மீட்போன் வழியிடைப் பொருதலும் நம் இலக்கணிகள் வெட்சியென்றும் கரந்தையென்றும் வகுத்த ஒழுக்கங்களே. ஒரு வேறுபாடுண்டு. நம் வீரன் மாண்டு நடுகல்லாவான். அவர்கள் வீரனோ அடுத்த படத்தில் வேறு பெயருடன் வந்து நிற்பான்.

தமிழிலும் இவ்வகை தோன்றாமலில்லை. ஒளிப்பதிவாளராயிருந்து இயக்குநரான எம். கர்ணன், ஜெய்சங்கரைத் தலைவராகக் கொண்டு 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) ஆகியவற்றைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். இடையே 1971இல் தெலுங்கில் 'மோசகாள்ளக்கு மோசகாடு' வண்ணத்தில் வந்தது. அதன் பளபளப்பினும் கர்ணனுடைய வெயிலும் புழுதியும் எமக்கு உவப்பானவை. வண்ணம் உடையைக் காட்டும். கறுப்பு வெள்ளை வெக்கையைக் காட்டும். பாட்டும் நகைச்சுவையும் குதிரையை இடையிடையே நிறுத்தி வைப்பது குறைதான்.

இனி, ஊவாவில் வாழும் நாம் இவற்றை எவ்வாறு காண்பது? இம்மலைகளில் முற்காலத்திற் குதிரையேறியவர் துரைமாரே. பெரட்டுக்கு வந்தோர் நடந்தே வந்தனர். திரையிலோ ஒன்றுமற்றவன் குதிரைமேல் இருக்கின்றான். இவ்வகைக் கதைகள் பலவற்றின் முடிச்சு ஒரு காணியுறுதி. கள்வன் அதனைக் கவர்வான், வீரன் மீட்டுத் தருவான். விமரிசகர் இதனைத் தேய்ந்த உத்தி என்பர். தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும் தன் பெயரில் உறுதி காணாதவனுக்கு அது தேய்ந்த உத்தியன்று. 2014 ஒக்டோபர் 29இற் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அபாயம் பற்றிய எச்சரிக்கை முன்னரே இருந்தது. பெயர்ந்து சென்று குடியிருக்கத் தமக்கெனக் காணி அங்கிருந்தோர்க்கு இல்லை.

இப்படங்களின் பெருங்குற்றமும் இவ்விடத்தேதான் உளது. வீரன் மீட்டுத்தரும் அவ்வுறுதி எழுதப்பட்ட நிலம், அதற்கு முன்னர் அமெரிக்கப் பழங்குடியினர் வாழ்ந்த நிலம். அவர்களைப் பெரும்பாலும் அம்பெய்யும் கூட்டமாகவே இப்படங்கள் காட்டின. அவர்களுடைய உறுதியைத் தேடி எவனும் குதிரையேறவில்லை.