1627-க்கு ஒரு டிக்கெட்

பாஸ்டனிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் பிளிமத். 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் 102 பயணிகள் இங்கிலாந்திலிருந்து வந்தார்களே, அவர்கள் குடியேறிய ஊர். அந்தக் கிராமத்தை 1627-ல் இருந்த மாதிரியே மறுபடி கட்டி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். மியூசியம் ஆரம்பித்தது 1947-ல்.

கண்ணாடிப் பெட்டி, ‘தொடாதீர்’ பலகை எதுவும் கிடையாது. கூரை வேய்ந்த வீட்டுக்குள் நீங்கள் தாராளமாக நுழையலாம். மண் தரை, அடுப்பில் நிஜப் புகை. சமைக்கிற அம்மாள் பழைய ஆங்கிலத்தில் ‘எந்த ஊர்?’ என்று விசாரிப்பார். அவரிடம் ஜார்ஜ் வாஷிங்டன் பற்றிக் கேளுங்கள். அப்படி யாரையும் தெரியாது என்பார். வாஷிங்டன் பிறக்க இன்னும் 105 வருஷம் இருக்கிறதே!

பிரமாதமான உழைப்புதான். ஆனால், இந்த ‘தெரியாது’வில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. 1675-ல் மூண்ட யுத்தத்தில் பூர்வகுடிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டாலும் அதே பதில்தான்.

சரியான பதில் வேண்டுமென்றால் அதே வளாகத்தில் ஆற்றங்கரைப் பக்கம் நடக்க வேண்டும். மரப்பட்டைக் குடிசைகள். அங்கே இருக்கும் பூர்வகுடியினர் வேஷம் கட்டுவதில்லை. இன்றைய மனிதர்களாக, இன்றைய பாஷையில் பேசுகிறார்கள்.

விஷயம் இதுதான். பிளிமத்தின் பழைய பெயர் பட்டக்ஸெட். வாம்பனோக் இன மக்களின் ஊர். 1616-க்கும் 1619-க்கும் இடையில் கொள்ளைநோயில் அழிந்துபோனது. டிஸ்குவாண்டம் என்பவரை 1614-ல் அடிமையாக விற்க ஸ்பெயினுக்குக் கடத்தினார்கள். தப்பித்து 1619-ல் ஊர் திரும்பினால் ஒருவர்கூட மிச்சமில்லை. பின்னால் குடியேறிகளுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ‘முன்னோடிகள்’ என்கிறோம். அவர்களுக்குக் கிடைத்தது காடு அல்ல, செத்தவர்கள் திருத்தி வைத்திருந்த வயல்.

மியூசியத்தின் பெயரில் பட்டக்ஸெட்டைச் சேர்க்க 2020 வரை ஆயிற்று. ‘பெயர் மட்டும் போதுமா? எங்கள் பகுதி சின்னதாக, பழுதுபார்க்காமல் கிடக்கிறது’ என்று 2022-ல் வாம்பனோக் மக்கள் சிலர் மியூசியத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். நியாயமான கோபம். கிராமத்தில் காட்டிய அக்கறையில் பாதியாவது ஆற்றங்கரைக்கும் வேண்டாமா?

அந்தப் பக்கம் போனால் ஒன்று செய்யுங்கள். முதலில் ஆற்றங்கரை, அப்புறம் கிராமம். அந்த அம்மாளின் ‘தெரியாது’ அப்போது வேறு மாதிரி கேட்கும்.