குரங்குகளின் உளநலமும் கூண்டுச் செறிவூட்டலும்: அமெரிக்க விதிகள் குறித்த திறனாய்வு

ஆய்வுக்கூடக் குரங்கினங்களின் உளநலத்தை வளர்க்கப் போதுமான சூழல் வேண்டும் என்றது அமெரிக்க விலங்கு நலச் சட்டத்தின் 1985ஆம் ஆண்டுத் திருத்தம். உளநலம் யாதென அது வரையறுக்கவில்லை. 1991இல் வந்த விதிகள் ஊஞ்சல், கண்ணாடி, கையாளத்தக்க பொருள்கள், தேடியுண்ணச் செய்யும் உணவுமுறை ஆகியவற்றைச் செறிவூட்டலுக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டின. திட்டத்தை வகுத்து ஆவணப்படுத்தும் பொறுப்பு ஆய்வு நிறுவனத்துக்கே உரியது. ஆகவே கூண்டில் வைக்கப்பட்டது பதிவாகிறது. குரங்கு அதை எத்தனை நாள் நாடியது என்பது பதிவாக வேண்டிய கட்டாயமில்லை. புதுப்பொருளின் ஈர்ப்போ விரைவில் குன்றுவது.

கூட்டமாக வாழும் ரீசஸ் குரங்கிற்குத் துணையே முதன்மைத் தேவை. (ஹாரி ஹார்லோ குழுவினரின் 1965ஆம் ஆண்டு ஆய்வு தனிமையின் கேட்டை மெய்ப்பித்தது, குட்டிகளைத் தனிமைப்படுத்தியே.) துணையின் தேவையை விதிகளும் ஏற்கின்றன. எனினும் அறிவியல் காரணம் காட்டி விலக்குப் பெறலாம். விலக்கை வழங்குவது அந்நிறுவனம் அமர்த்திய குழுவே.