அமுதசுரபியும் அடுக்களைப் பானையும்

பசியைப் பிணியென்றே பெயரிட்டு அழைத்த மொழி நம்முடையது. அப்பிணியைத் தீர்ப்பதே தலையாய அறமென்று எடுத்தோதிய காவியம் மணிமேகலை. அதன் பெருமையை நாம் மறுக்க வரவில்லை. ஆயினும் அதிற் கண்ட ஒரு குறையைச் சொல்லாது விடுதல் முறையன்று.

காவியம் காட்டும் பசி யாது? முனிவனுடைய நாவற்கனியை மிதித்துச் சிதைத்தமையாற் சாபம் பெற்று, பன்னீராண்டு யானைத்தீ என்னும் நோயால் வருந்திய காயசண்டிகையின் பசி. உலக அறவியில் வந்து கூடிய குருடர், செவிடர், முடவர் ஆகியோரின் பசி. இரண்டும் ஊரறிந்த பசி. கணவனுக்கும் மக்களுக்கும் இட்டபின், பானையை வழித்து நீரைக் குடித்துப் படுக்கும் இல்லத்தாளின் பசி அங்கே இடம்பெறவில்லை.

அப்பசியும் உயிரைக் கவர்வதே. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கனடா மக்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2020இல் வெளியாயிற்று. அகால மரணமடைந்தோரில், வீட்டில் உணவுக்குக் கடுந்தட்டுப்பாடு இருந்தோர் சராசரியாக 59.5 வயதிலும், தட்டுப்பாடற்றோர் 68.9 வயதிலும் இறந்தனர் என அது கண்டது. வறுமையன்றோ காரணம் என்பீர்கள். வருமானம் முதலியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் வேற்றுமை எஞ்சியே நின்றது. அவர்களுடைய மரணச் சீட்டில் பசி என்று எழுதப்படுவதில்லை. தொற்று நோய், விபத்து, தற்கொலை என்றே எழுதப்படுகிறது.

நம் ஊருக்கு வருவோம். 1942 பிப்ரவரி 17ஆம் நாள் சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க் திடலிற் கூட்டப்பட்டதைச் சரித்திரம் மறக்கவில்லை. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் இந்நகரத்து வீடுகளில் அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே சோறாகி, பெரிபெரி நோய் பலரைக் கொண்டுபோனதை நினைப்போர் சிலரே. இன்றோ, செல்வம் கொழிக்கும் இதே சிங்கப்பூரில், 2019இல் எடுத்த கணக்கின்படி, 100 குடும்பங்களில் ஏறக்குறைய 10 குடும்பங்கள் ஓராண்டில் ஒருமுறையேனும் உணவுக்குத் திண்டாடின. அவர்களிற் பெரும்பாலோர் உதவியை நாடவில்லை. வெட்கமும் அதற்கொரு காரணம்.

காவியத்தின் குறை இங்கேதான் நம்மைத் தாக்குகிறது. அமுதசுரபி, கையேந்தி வருவோர்க்கே பயன்படும். கையேந்த நாணுவோர் வீட்டு வாசலை அஃது எட்டுவதில்லை. கோயிற் பந்தியும் அத்தகையதே. அன்னதானத்தை நாம் பழிக்கவில்லை. சாபத்தாற் பசி வந்ததெனின் புண்ணியத்தால் தீரலாம். கூலி போதாமையால் வந்த பசி கூலியாலன்றித் தீருமோ? தோட்டத்து லயத்திலும் நகரத்து அடுக்கு வீட்டிலும் உள்ள பானையைத் திறந்து பார்த்து எழுதும் புலவரையே இனி நம் இலக்கியம் வேண்டி நிற்கிறது.