நான்கு நதிகளும் ஒரு படித்துறையும்

புதுமைப்பித்தனின் வாக்கியங்களில் தாமிரபரணி ஓடுகிறது என்று சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கட்டுரை வாசித்தேன். ஏழெட்டுப் பேர் இருந்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள். வயதில் மூத்த கவிஞர் ஒருவர் மட்டும், 'எந்தக் கதையிலவே ஓடுது?' என்று கேட்டார். 'பொதுவாச் சொன்னேன் அண்ணாச்சி' என்றேன். 'பொதுவாக' என்பது விமர்சகன் அகப்பட்டுக்கொண்டபின் சொல்கிற வார்த்தை. அவர் கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது.

புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, பன்னிரண்டு வயதுக்குப் பின் நெல்லைக்கு வந்து சேர்ந்தவர். வாழ்ந்தது வண்ணார்பேட்டையில், பி.ஏ. படித்தது இந்துக் கல்லூரியில். ஆறு கூப்பிடு தூரம். இவ்வளவு இருந்தும், அவருடைய சோதனைக் கதைகளில் நதி முக்கியமாக வருகிற நான்கை எடுத்துக்கொண்டால், நான்கிலும் நதி வேறு. 'ஆற்றங்கரைப் பிள்ளையா'ரில், பெயர் பெறுவதற்கு முந்திய காவேரி. 'சாப விமோசன'த்தில் சரயு. 'அன்று இரவி'ல் வைகை. 'கயிற்றர'வில் கங்கை. தாமிரபரணி எங்கே?

'ஆற்றங்கரைப் பிள்ளையார்' 1934இல் மணிக்கொடியில் வந்தது. ஆற்றங்கரையில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற பிள்ளையாருக்கு ஒரு கிழவர் மேடை கட்டுகிறார். நிழலுக்காக அரசும் வேம்பும் நடுகிறார். மேடை சமூகம், மரங்கள் சமய தர்மமும் ராஜ தர்மமும் என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். கதையின் பலவீனம் இதுதான். உருவகம் தன் சாவியைத் தானே பூட்டில் மாட்டி வைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் இந்தத் தோல்வி சாதாரணமானதில்லை. 1915இல் வ.வே.சு. ஐயர் எழுதிய குளத்தங்கரை அரசமரம் மனுஷியைப் போலப் பேசும். ஒரு பெண்ணின் துயரத்துக்கு மனமுருகும். புதுமைப்பித்தனின் மரத்துக்கு உருக்கம் கிடையாது. அது வளர்கிறது, வேர் விடுகிறது, காப்பாற்ற நட்டவன் கட்டிய மேடையையே அசைக்கிறது. இயற்கைக்கு மனிதர்கள்மீது அபிப்பிராயம் எதுவும் இல்லை என்ற பிரக்ஞை இங்கே தமிழ்ச் சிறுகதைக்குள் நுழைகிறது. இந்தப் பார்வை புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததென்று நான் நம்பவில்லை. கரையோரத்து அரசமரம் படித்துறைக் கல்லைப் பிளப்பதை வருஷக்கணக்கில் பார்த்த கண் அது.

'சாப விமோசனம்' 1943இல் வந்தது. கல்லாயிருந்து எழுந்த அகலிகை சரயுக் கரையில் கோதமனோடு குடியிருக்கிறாள். ஆற்றுக்குப் போகும்போது எதிர்ப்படுகிற ரிஷிபத்தினிகள் அவளைக் கண்டு ஒதுங்குகிறார்கள். ராமன் பாதம் தீர்த்த சாபத்தைப் படித்துறை தீர்க்கவில்லை. இந்தக் காட்சியில் சரயு பெயரளவுக்குத்தான் இருக்கிறது. ஈரச்சேலையோடு குடத்தை இடுக்கிக்கொண்டு, கடைக்கண்ணால் ஒருத்தியை ஊரை விட்டே தள்ளிவைக்கிற அந்தப் பெண்கள் எந்த ஆற்றங்கரைக்காரர்கள் என்று நெல்லையில் பிறந்தவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. முந்திய கதையில் ஆறு ஒரு கருத்தாக இருந்தது. இங்கே அது மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற இடமாகிவிட்டது. ஒன்பது வருஷத்தில் அவருடைய கலை கடந்த தூரம் இது.

'கயிற்றரவு' அவர் இறந்த 1948இல் வந்தது. அதன் தொடக்கத்திலேயே கள்ளிப்பட்டியோடு கைலாசபுரமும் பெயர் சொல்லப்படுகிறது. ஜங்ஷனையொட்டிய கைலாசபுரம் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. அந்தப் பெயரை எழுதிய கையோடு, ஓயாமல் ஓடும் காலத்துக்கு உவமை தேடுகிறவர் கங்கைக்குப் போகிறார். இதை முதலில் நான் மரபான உவமையின் சோம்பல் என்று நினைத்தேன். இப்போது அப்படிப் படவில்லை. தாமிரபரணி என்று எழுதியிருந்தால் காலம் உள்ளூர்ச் சரக்காகியிருக்கும். வாசகன் காலத்தை மறந்துவிட்டு ஆற்றை வேடிக்கை பார்த்திருப்பான்.

என் முடிவு இதுதான். பழகிய ஆறு அவருக்குப் பார்க்கும் பொருளாக இருக்கவில்லை, பார்க்கும் முறையாகிவிட்டது. அதனால்தான் அதன் பெயரை விட்டுவிட்டு வேறு எந்த நதிக்கும் அவரால் போக முடிந்தது. 'துன்பக்கேணி'யில் வாசவன்பட்டி என்று ஊரைச் சொல்கிறாரே என்று கேட்கலாம். அங்கே பெயர் அவசியம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போவது ஏதோ ஒரு ஊரிலிருந்து நடப்பதில்லை. விலாசமுள்ள ஊரிலிருந்து நடக்கிறது. அவசியமான இடத்தில் பெயர், மற்ற இடத்தில் மௌனம். இதைப் பிரதேசப் பற்று என்று சொல்லமுடியாது. விசுவாசம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நாம் செய்வது இதற்கு நேர்மாறு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எனக்கு வந்த கவிதைகளை ஒரு பைலில் கட்டி வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் தாமிரபரணி, பாதிக்கு மேல் குறுக்குத்துறை. மணல், நாணல், மருதமரம், அம்மாவின் ஈரக்கூந்தல். ஆற்றின் பெயரை அடித்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். பல கவிதைகளில் மிச்சம் ஒன்றுமில்லை. பெயர்தான் அங்கே அனுபவத்தின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்தக் கட்டில் என்னுடையதும் ஒன்று உண்டு. அதுவும் தேறவில்லை.

குறுக்குத்துறையில் வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வெள்ளம் வடிந்தபின் போய்ப் பார்த்தால் வண்டலும் செத்தையும் கிடக்கும், யாராவது கழுவிக்கொண்டிருப்பார்கள். நம் கவிதைகள் பெரும்பாலும் உற்சவரோடு மேடேறிவிடுகின்றன. முழுகிக் கிடந்ததைப் பற்றி எழுத, அங்கேயே இருந்த ஒருவன் வேண்டும். அவன் எழுதும்போது அதில் தாமிரபரணி என்ற பெயர் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மாடியில் கேள்வி கேட்ட கவிஞரிடம் இதைச் சொல்லவேண்டும். ஒப்புக்கொள்ளமாட்டார். 'அப்ப ஆத்தப் பத்தி எழுதவே கூடாதாவே?' என்பார். எழுதலாம். எழுதியதும் பெயரை அடித்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.