பேஸ்பாலும் பாத்திரப் படைப்பும்

நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வருகிறவனுக்கு மூன்று குணங்கள் வேண்டும் என்பது என் கட்சி. ஞாபகம் வேண்டும், கற்பனை வேண்டும், தராதரம் பார்க்கிற புத்தி வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர அமைந்த விமரிசகர்களை நான் அதிகமாக எழுத்தில் சந்தித்தது, அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிக் குளிர்காலத்தில் விவாதம் செய்கிறவர்களிடையேதான். சிரிக்க வேண்டியதில்லை. அந்த விவாதங்களைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பேஸ்பால் வெயில் காலத்து ஆட்டம். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஆரம்பித்து, அக்டோபர் கடைசியில், சில வருஷங்களில் நவம்பர் முதல் வாரத்தில், முடிந்துவிடும். பிப்ரவரியில்தான் மறுபடி பயிற்சி. நடுவே உள்ள மாதங்களில் ஆட்டம் இல்லை. பேச்சு மட்டும் உண்டு. சுடும் அடுப்புச் சங்கம் என்று இந்தப் பேச்சுக்கு அங்கே வெகு காலமாக ஒரு பெயர் வழங்குகிறது. சிற்றூர்க் கடைகளில் இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, குளிர் காய்ந்துகொண்டே பேசியதால் வந்த பெயர். பேச்சின் விஷயம் இரண்டுதான். ஒப்பந்தம் முடிந்து எந்தக் கிளப்புக்கும் கட்டுப்படாமல் நிற்கிற ஆட்டக்காரரை (ஃப்ரீ ஏஜெண்ட் என்பார்கள்) யார் என்ன விலை கொடுத்து எடுத்துக்கொள்வார்கள் என்பது ஒன்று. எந்தக் கிளப் தன் ஆட்டக்காரரைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு யாரை வாங்கிக்கொள்ளும் என்பது மற்றது. இதை டிரேட் என்பார்கள். நம் பாஷையில் பண்டமாற்று என்று சொன்னால் சரியாக இருக்கும்.

இந்தப் பேச்சில் உள்ள கற்பனை சாதாரணமானதல்ல. ஓர் ஊரில் ஆடுகிற ஆளை மனசால் தூக்கி வேறோர் ஊர் மைதானத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள். பாஸ்டன் மைதானத்தில் இடது பக்கத்துச் சுவர் 37 அடி உயரம். ஆனால் கிட்டத்திலேயே இருக்கிறது. வேறு மைதானத்தில் கைக்குள் விழுந்துவிடும் பந்து அங்கே சுவரில் மோதித் திரும்பும். அப்படியானால் இன்னார் அங்கே போனால் எப்படி அடிப்பார்? அவர் போனால் இங்கே அவர் இடத்தில் யார்? அந்த யாரோ ஒருவருக்கு வயசென்ன, முழங்கால் எப்படி? இப்படி நடக்காத ஒரு வருஷத்தை முழுசாகச் சிருஷ்டி செய்துவிடுகிறார்கள். நாவலாசிரியன் செய்கிற காரியம் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஞாபகமும் அப்படியே. 1965 டிசம்பரில் சின்சினாட்டி கிளப் ஃபிராங்க் ராபின்ஸனைப் பால்டிமோருக்குக் கொடுத்து, மில்ட் பாப்பஸ் என்கிற பந்தெறிபவரையும் வேறு இருவரையும் வாங்கிக்கொண்டது. ராபின்ஸனுக்கு அப்போது வயசு 30. அந்த முப்பதும் கிழட்டு முப்பது என்பது அவருடைய பழைய முதலாளியின் எண்ணம். 1966இல் அந்தக் கிழவர் தம் லீகில் அடி சராசரியிலும், ஹோம் ரன்களிலும், ஓட்டங்களைச் சேர்த்துக் கொடுத்ததிலும் முதல்வராக நின்றார். பால்டிமோர் வேர்ல்ட் ஸீரீஸில் நாலுக்கு நாலு ஜெயித்தது. எந்த வருஷம் யார் எந்தப் பண்டமாற்றைப் பற்றிப் பேசினாலும், எச்சரிக்கையாக இந்தக் கதையை எடுத்துப் போடுகிற ஒருவர் இருக்கிறார்.

தராதரம் பார்ப்பதில் இவர்களுக்குள் இரண்டு கட்சி. ஒன்றை ஞாபகக் கட்சி என்று சொல்லலாம். மற்றது கணக்குக் கட்சி. ஞாபகக் கட்சிக்காரர் தாம் கண்ணால் பார்த்த பெரிய ஆட்டங்களைச் சொல்லி விலை மதிப்பார். கணக்குக் கட்சிக்காரர் அப்படிப்பட்ட ஞாபகத்தை நம்பமாட்டார். ஆட்டக்காரர் தம் கிளப்புக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகக் கொடுத்தார், அந்த வெற்றிக்குச் சந்தையில் என்ன விலை, முப்பது வயசு தாண்டினால் அது வருஷத்துக்கு எவ்வளவு தேயும் என்று கணக்குப் போடுவார். ஓக்லண்ட் கிளப்பைப் பற்றி மைக்கேல் லூயிஸ் 2003இல் எழுதிய மனிபால் வந்த பிறகு இந்தக் கட்சியின் கை ஓங்கிவிட்டது.

2011 டிசம்பரில் ஆல்பர்ட் பூஹோல்ஸ் விஷயத்தில் இரண்டு கட்சியும் நேருக்கு நேர் மோதின. ஸெயிண்ட் லூயியில் 11 வருஷங்களில் 445 ஹோம் ரன் அடித்தவர், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிக் கிளப்பான ஏஞ்சல்ஸிடம் 10 வருஷங்களுக்கு 24 கோடி டாலர் என்று ஒப்பந்தம் செய்துகொண்டார். போன காலத்துக்காக வரும் காலத்தில் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கணக்குக் கட்சி சொல்லிற்று. சொன்னபடியே ஆயிற்று. ஆட்டம் தேய்ந்துகொண்டே போய், 2021 மே மாதத்தில் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே அவரை விடுவித்துவிட்டார்கள். ஆனால் 2022இல் அவர் சொற்பச் சம்பளத்துக்குப் பழைய ஊருக்கே திரும்பி வந்து, 42 வயசில் 24 ஹோம் ரன் அடித்து, எழுநூறைத் தாண்டி, 703 என்ற எண்ணிக்கையோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார். இந்தக் கடைசி அத்தியாயம் கணக்குக் கட்சியின் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஞாபகக் கட்சிக்காரருங்கூட இதை ஆசைப்பட்டிருப்பாரே தவிர எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இவ்வளவு நல்ல விமரிசனத்தில் ஒரு பெருங்குறை உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் ஆட்டக்காரரைப் பற்றி எல்லாம் பேசுவார்கள். அவர் சம்மதிப்பாரா என்று கேட்க மறந்துவிடுவார்கள். இவரைக் கொடு, அவரை வாங்கு, கூட இரண்டு பையன்களையும் சேர்த்துக் கொடு என்றே பேச்சு ஓடும். இந்த மறதி அவர்களுடைய சொந்தக் குற்றமல்ல, பரம்பரையாக வந்தது. 1920 ஜனவரியில் பாஸ்டன் கிளப்பின் முதலாளி, நாடகத் தயாரிப்பாளரான ஹாரி ஃப்ரேஸி, பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றார். 1918க்குப் பிறகு பாஸ்டன் மறுபடி வேர்ல்ட் ஸீரீஸ் ஜெயிக்க 2004 ஆயிற்று. சாபம் என்று கதை கட்டினார்கள். முதலாளியின் புத்தியீனத்தைப் பற்றி வண்டி வண்டியாக எழுதினார்கள். ஒரு மனிதனை எப்படி விற்க முடிந்தது என்கிற கேள்வி அந்தக் கதைக்குள் வரவே இல்லை.

விற்க முடிந்ததற்குக் காரணம் ஒப்பந்தத்தில் இருந்த ரிஸர்வ் ஷரத்து. ஒரு தடவை ஒரு கிளப்புக்குக் கையெழுத்துப் போட்டால், வருஷா வருஷம் அதே கிளப் அவரைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். விற்கலாம், மாற்றலாம். அவர் மட்டும் வேறு கிளப்பைத் தேடிக்கொள்ள முடியாது. பேஸ்பால் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்துக்குள் வராது என்று 1922இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதால், அதைக் கேட்க நாதியில்லாமல் இருந்தது.

கேட்டவர் கர்ட் ஃப்ளட். ஸெயிண்ட் லூயி கிளப்பில் 12 ஸீஸன்கள் நடு மைதானத்தைக் காத்தவர். பந்து பிடிப்பதில் ஏழு தடவை தங்கக் கையுறைப் பரிசு வாங்கியவர். 1969இல் அவருக்குச் சம்பளம் 90,000 டாலர். அந்த அக்டோபரில், அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியாயிற்று என்ற செய்தி கிளப் அலுவலகத்திலிருந்து டெலிபோனில் வந்தது. ஏழு பேர் கைமாறிய பண்டமாற்று அது. புது இடத்தில் சம்பளம் குறைந்திருக்காது; கூடத்தான் கிடைத்திருக்கும். டிசம்பர் 24ஆம் தேதி அவர் பேஸ்பால் கமிஷனர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். தன் சம்மதமில்லாமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்து அல்ல என்பது அதன் சாரம். அப்புறம் கோர்ட்டுக்குப் போனார். 1970 ஸீஸன் முழுவதும் ஆடவில்லை. வழக்கில் ஜாக்கி ராபின்ஸன் அவருக்காகச் சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த ஓர் ஆட்டக்காரர்கூடச் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. வேண்டாம் என்று சொல்ல முடியாத ஆளை வைத்துக்கொண்டு கதை பண்ண முடியாது. அவனுக்கு நேருவதை விவரிக்கலாம், அவனுக்காக இரக்கப்படலாம், பாத்திரமாக அவன் எழுந்து நிற்கமாட்டான். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எத்தனையோ வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்த கதைகளில் முதலாளிகள்தான் பாத்திரங்கள். ஆட்டக்காரர்கள் சதுரங்கக் காய்கள். ஒரு காய் வாய் திறந்து, நான் போகவில்லை என்றது. அன்றுதான் அந்த இலக்கியத்தில் பாத்திரப் படைப்பு ஆரம்பமாயிற்று என்பேன்.

1972இல் சுப்ரீம் கோர்ட் 5க்கு 3 என்ற கணக்கில் ஃப்ளட்டுக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. அந்தத் தீர்ப்பை நான் இலக்கியமாகவும் படித்திருக்கிறேன். எழுதியவர் நீதிபதி ஹாரி பிளாக்மன். முதல் பகுதியில் சட்டமே இல்லை. பேஸ்பாலின் பூர்வ சரித்திரத்தைச் சொல்லி, பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை, எண்பதுக்கு மேல், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகிறார். தீர்ப்பின் முடிவை ஒப்புக்கொண்டவர்களிலேயே இரண்டு நீதிபதிகள் அந்தப் பகுதியில் மட்டும் சேரமாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். அதன்பின் ஃப்ளட்டின் ஆட்டக் கணக்குகளும் சம்பள விவரங்களும் ஒழுங்காக வருகின்றன. பேஸ்பாலுக்குத் தனிச் சலுகை இருப்பது முறைக்குப் பொருந்தாதது என்றும் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டுவிட்டு, மாற்றுவதானால் காங்கிரஸ் மாற்றட்டும் என்று விட்டுவிடுகிறது.

அந்த முதல் பகுதி நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. பிரியம் இல்லாதவர் அப்படி எழுத முடியாது. ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற நாமார்ச்சனை. எதிரே ஒரு மனிதன் நின்றுகொண்டு முறையிடுகிறான். அர்ச்சகர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகிறார். அடுப்படிப் பேச்சின் பெருமை, சிறுமை இரண்டும் அந்தத் தீர்ப்பில் சேர்ந்து கிடக்கின்றன. ஆட்டத்தின்மேல் உள்ள பிரேமை, ஆடுகிறவனைப் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது.

ஃப்ளட் தோற்றாலும் விஷயம் அதோடு நிற்கவில்லை. பத்து வருஷம் ஆடி, கடைசி ஐந்து வருஷம் ஒரே கிளப்பில் இருந்தவர் பண்டமாற்றை மறுக்கலாம் என்ற விதி 1973இல் வந்தது. எஃகுத் தொழிற்சங்கத்தில் பழகிய மார்வின் மில்லர் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வழக்கை மத்தியஸ்தர் முன் கொண்டுபோயிற்று. 1975 டிசம்பர் 23ஆம் தேதி மத்தியஸ்தர் பீட்டர் ஸெயிட்ஸ், ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்கு மேல் முதலாளி தாமாக நீட்டிக்கொண்டே போக முடியாது என்று சொல்லிவிட்டார். ஆறு வருஷம் ஆடியவர் ஃப்ரீ ஏஜெண்ட் ஆகலாம் என்பது அதன்பின் ஏற்பட்ட ஏற்பாடு. ஃப்ளட்டுக்கு இதனால் லாபம் ஒன்றுமில்லை. 1971இல் வாஷிங்டனுக்காக 13 ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு விலகியவர், 1997இல் காலமானார்.

இப்போது சம்பளங்கள் ஆகாயத்துக்கு ஏறிவிட்டன, விசுவாசம் போய்விட்டது என்று அங்கே குறைபட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. தொகைகள் பெரியவைதான். 2000 டிசம்பரில் அலெக்ஸ் ராட்ரிகஸ் டெக்ஸஸ் கிளப்பிடம் 10 வருஷத்துக்கு 25 கோடி 20 லட்சம் டாலர் வாங்கினார். 2024 டிசம்பரில் ஹுவான் ஸோட்டோ நியூயார்க் மெட்ஸிடம் 15 வருஷத்துக்கு 76 கோடி 50 லட்சம் டாலர் பேசி முடித்தார். ராட்ரிகஸ் போன மூன்று வருஷமும் தம் லீகில் ஹோம் ரன்னில் முதல்வர். அவருடைய கிளப் மூன்று வருஷமும் தன் பிரிவில் கடைசி. பணம் கொடுத்தால் ஜெயம் வரும் என்ற வாதத்துக்கு இது நல்ல பதில். ஆனால் விசுவாசம் போய்விட்டது என்கிற புகாரை நான் ஏற்கமாட்டேன். வெளியே போக வழியே இல்லாதவன் உள்ளேயே இருந்ததற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது சரியாகாது. பூஹோல்ஸ் ஸெயிண்ட் லூயிக்குத் திரும்பி வந்ததற்கு அர்த்தம் உண்டானது, அவர் ஒரு தடவை அதை விட்டுப் போக முடிந்ததனால்தான்.

ஸோட்டோவின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வாஷிங்டன் அவரை ஸான் டியகோவுக்குக் கொடுத்தது. 2023 டிசம்பரில் ஸான் டியகோ அவரை யாங்கீஸுக்குக் கொடுத்தது. இரண்டு தடவையும் யாரும் அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில்தான் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அதற்காக எல்லாக் கிளப்பும் காத்திருந்தன. பொதுவாக, ஆறு வருஷம் முடியாத ஆட்டக்காரர்களின் நிலைமை அந்த முதல் இரண்டு தடவையைப் போன்றதே. அடுப்படிப் பேச்சில் கூட இரண்டு பையன்கள் என்று கொசுறாகச் சொல்லப்படுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள். ஃப்ளட்டின் கடிதம் இன்னும் அவர்களைப் போய்ச் சேரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே இந்த விவாதங்களைப் படிக்கும்போது நான் ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னாரை இன்ன ஊருக்கு அனுப்பலாம் என்று ஒருவர் யோசனை சொன்னால், அவர் போட்ட கணக்கு சரியா என்பதை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். அந்த ஆளுக்கு அங்கே போக இஷ்டமிருக்குமா, மறுக்க அவருக்கு உரிமை உண்டா, இல்லையென்றால் அது தெரிந்துதான் இவர் பேசுகிறாரா என்று முதலில் பார்ப்பேன். இதைக் கேட்டுக்கொண்டு பேசுகிற விமரிசகர் சிலர் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் குறைவு. எந்த இலக்கியத்திலும் நல்ல விமரிசகர்கள் சிலராகத்தானே இருக்கிறார்கள்.